பேபிக்கா வாங்கிய கேமரா

"…அந்த மெகா பிக்சல், கிகா பிக்சல் எல்லாம் உங்க ஊட்டு பீரோல வெச்சுப் பூட்டிக்குங்க பாய். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இத தலைக்கு மேல தூக்கிப் புடிச்சா, கீழ நிக்கற எனக்குத் தெரியுமா, தெரியாதா?"

சலீம் பாய் என்னைப் பார்த்தார். நான் மேஜை மேல் இருந்த இரண்டு கேமராக்களைப் பார்த்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் கடை அவருடையது. கேமரா ரிப்பேர் பார்ப்பார். பழைய கேமராக்களை வாங்குவார், விற்பார். எத்தனையோ கேள்விகளைப் பார்த்த மனுஷர். கல்யாண மண்டப லைட்டுக்குத் தாங்குமா, ரீல்ஸ் எடுக்க வருமா, கீழே விழுந்தால் என்ன ஆகும்... எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். தலைக்கு மேல் தூக்கினால் தெரியுமா என்று மட்டும் அவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

கேட்டவர் பேபி அக்கா. எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கிறார். ஐம்பதைத் தாண்டிவிட்டார், பெயர் மட்டும் பேபி. உயரம்? மெஷினில் உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்துவிட்டாரா என்று சட்டென்று சொல்ல முடியாது. நான் சொன்னால் தப்பு. அவரே சொல்வார்: "ஆண்டவன் எல்லாருக்கும் துணி வெட்டினாம்பா. எங்கிட்ட வரும்போது பிட்டு பத்தல."

இந்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொள்வார். சிரிக்க வேண்டியது நம் வேலை.

அக்காவுக்குக் கேமரா எதற்கு? தொழிலுக்குத்தான் என்று நினைத்தேன். தைத்து முடித்த ஒவ்வொரு பிளவுஸையும் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவார். அவர் போன் ராணி கலரைச் சிவப்பாக்கும், மாம்பழக் கலரை எலுமிச்சை ஆக்கும். "நான் தைச்சதயே எனக்கு அடையாளம் தெரியல" என்று வந்து நின்றார். கேமரா என்றால் எனக்குத்தான் சோறு தண்ணி வேண்டாமே! அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசகர்களில் பல பேர் கேட்கிறீர்கள் – தினமும் படம் எடுக்கச் சின்னதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வேண்டும், எதை வாங்கலாம் என்று. நான் இதைப் படித்தவன் இல்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றவன். ஆகவே கம்பெனி பெயர் சொல்லமாட்டேன். அவர்களும் இதுவரை எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

மிரர்லெஸ் என்றால் என்ன? பழைய பெரிய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி நின்றுகொண்டிருக்கும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அதுதான் வாங்கி, நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் 'டப்' என்று மேலே விலகும். அந்தக் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்கள். இடம் மிச்சம், எடை மிச்சம், சத்தமும் குறைவு. பெட்டிக்குள் இருக்கும் சென்சார் எந்நேரமும் முழித்துக்கொண்டு பார்க்கிறது. அது பார்ப்பதை அப்படியே ஸ்கிரீன் காட்டுகிறது. எவன் மூளையில் உதித்ததோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பாய் எடுத்து வைத்தவை இரண்டும் அந்த ரகம்தான். உள்ளங்கையில் அடங்கும். ஒன்று என் மனசுக்குப் பிடித்தது. மேலே வெள்ளித் தகடு, திருகினால் 'டிக் டிக்' என்னும் சக்கரங்கள், மூலையில் கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன ஜன்னல். வ்யூஃபைண்டர் என்பார்கள். மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இன்னொன்று சோப்பு டப்பா. கருப்பு. ஜன்னல் கிடையாது. ஸ்கிரீன் மட்டும் கதவு மாதிரி பக்கவாட்டில் திறந்து, மேலே கீழே எப்படி வேண்டுமானாலும் திரும்பும். அதில் ஒரு ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தது.

"அக்கா, வெள்ளித் தகட்ட எடுங்க" என்றேன். "நம்ம ஊரு வெயிலுக்கு ஸ்கிரீன் எதுவும் தெரியாது. ஜன்னல்ல கண்ண வெச்சாத்தான் தெரியும். கேமரான்னா கண்ணுல வெக்கணும்."

"கண்ணுல வெச்சா எனக்கு இன்னா தெரியும்? முன்னாடி நிக்கறவன் முதுகு தெரியும். அது எனக்குக் கேமரா இல்லாமயே தெரியுதே."

"பிளவுஸ் எடுக்க எதுக்குக்கா முன்னாடி ஆளு?"

அக்கா வெள்ளித் தகட்டைத் தள்ளி வைத்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"வருசா வருசம் கருட சேவைக்குப் போறேன். ஒரு வருசம் உட்டதில்ல. கருடன் மேல வர்ற பெருமாளு எப்டி இருப்பாருன்னு என்னைக் கேளேன்... தெரியாது. அவருக்கு மேல புடிக்கற கொடை எப்டி இருக்கும்னு கேளு. ஜாலர்ல எத்தினி குஞ்சம் தொங்குதுன்னு சொல்றேன்."

வைகாசியில் வரதராஜர் கருடன் மேல் ஏறிச் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் பக்கம் வருவார். தெரு கொள்ளாத கூட்டம். மாடி வைத்திருப்பவர்கள் மாடியில் நிற்பார்கள். கடைப்படிகளில் விடிவதற்கு முன்பே இடம் போய்விடும். மிச்சம் இருப்பது நடுரோடு. அங்கே பேபிக்காவுக்கு ஊர் முழுக்க முதுகு.

"கோயிலுக்குள்ள போய்ப் பாக்கலாமே?" பாய் மெதுவாகக் கேட்டார்.

"அங்கயும் பாத்தேன் பாய். அது அவரு ஊடு, நாம போறோம். இது அவரு நம்ம தெருவுக்கு வர்றது. வர்றவர வாசல்ல நின்னு பாக்க வேணாமா?"

"ஊட்டுக்காரர் தூக்கிக் காட்ட மாட்டாரா?" என்று நான் கிண்டலடித்தேன்.

"கல்யாணமான புதுசுல தூக்கறேன்னாரு. வேணாய்யா, அப்புறம் ஊரு சாமிய உட்டுட்டு நம்மளப் பாக்கும்னேன். இப்ப அவரத் தூக்கறதுக்கே ஆளு வேணும்."

"சரி, போனத் தூக்கிப் புடிக்கலாம்ல?"

"அய்ய! முன்னெல்லாம் தலைதான் மறைக்கும். இப்ப தலைக்கு மேல கை, கைக்கு மேல போனு. நானும் தூக்கிப் பாத்துட்டேன். அதும் மூஞ்சி நேரா எதுக்கால பாக்குது. கீழ இருக்கற எனக்கு வெறும் பளபளப்பு."

விடாமல் கேட்டேன். டிவியில்தான் நேரலையாகக் காட்டுகிறார்களே?

"டிவில வந்தா அவரு டிவிக்கு வந்தாரு. தெருவுல வந்தாத்தான் என்னப் பாக்க வந்தாரு."

பாய் சோப்பு டப்பாவின் ஸ்கிரீனைத் திறந்தார். தரையைப் பார்க்கிற மாதிரி திருப்பினார். அக்கா கையில் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து பார்த்தார். அலமாரியின் மேல் தட்டில் பாய் தூசியோடு மறந்து போட்டிருந்த பழைய ஃபிளாஷ் ஒன்று ஸ்கிரீனில் தெரிந்தது.

"தோ, தெரியுது!"

அங்கே ஒரு ஃபிளாஷ் இருப்பதே எனக்கும் அப்போதுதான் தெரியும். பாய்க்கும்தான்.

"அப்புறம் இன்னா பரேஷான், இன்னா கொழப்பம் சார் உங்களுக்கு?" என்றார் பாய் என்னிடம். "உங்களுக்குக் கண்ணு வேணும், ஜன்னல் வெச்சது வாங்குங்க. அக்காவுக்குக் கழுத்து வேணும். இதுக்குத்தான் கழுத்து இருக்குது."

"வெயில்ல ஸ்கிரீன் தெரியாதுன்னு நான் சொன்னேன். நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது" என்றேன். சோப்பு டப்பா அக்காவின் துணிப்பைக்குள் போனது.

சும்மா சொல்லக் கூடாது. அந்த ஒரு மாதத்தில் அக்கா எடுத்த படங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது. ராணி கலர் ராணி கலராகவே வந்தது, சரி. அது கேமராவின் சாமர்த்தியம். ஆனால் இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கும் படம்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாட்டர் பாட்டிலை அண்ணாந்து குடிக்கிற படம்? எல்லாமே அக்காவின் உயரத்திலிருந்து எடுத்தவை. பின்னால் முழுக்க வானம். இஸ்திரிக்காரர் ஏதோ ஊருக்கு ராஜா மாதிரி நிற்கிறார். நான் ஆறடி உயரத்திலிருந்து இத்தனை வருஷமாக எல்லார் உச்சந்தலையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

தினசரிப் படத்துக்கு எந்தக் கேமரா என்று கேட்டவர்களே – பையில் கிடப்பது தெரியாத எடை இருக்கட்டும், வீட்டு வெளிச்சத்தில் கை நடுங்கினாலும் சமாளிக்கட்டும். மற்றபடி, உங்களுக்கு எது தெரியாமல் மறைகிறது என்று முதலில் யோசியுங்கள். அதைக் காட்டுகிற கேமராதான் உங்கள் கேமரா.

சரி, கருட சேவைக்கு வருகிறேன்.

போன வாரம். காலை வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது. மூடியிருந்த ஜவுளிக்கடை ஒன்றின் ஷட்டரை ஒட்டி நானும் அக்காவும் நின்றோம். எங்களுக்கு முன்னால் ரோடு தெரியாத அளவுக்கு ஜனம். தூரத்தில் மேளம். அக்கா கேமராவை இரண்டு தடவை ஆன் செய்து, இரண்டு தடவை ஆஃப் செய்தார்.

"வரதா! வரதா!" என்று கூட்டம் கிளம்பியது. குடை தெரிந்தது. அக்கா ஸ்கிரீனைத் திறந்து கீழ் நோக்கித் திருப்பி, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கினார்.

வெயிலில் ஒன்றும் தெரியாது என்றேனே... கீழே பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்கிரீன் மேல் வெயில் எப்படிப் படும்? தெளிவாகத் தெரிந்தது. என் வாதம் அங்கேயே காலி.

ஆனால் தெரிந்தது பெருமாள் இல்லை.

"யோவ், எவன் போன்லயோ இருக்கற பெருமாளக் காட்டுதுய்யா இது!"

குனிந்து எட்டிப் பார்த்தேன். உண்மைதான். முன்னால் ஒருவர் உயர்த்திப் பிடித்த போன் பளிச்சென்று இருந்தது. அதற்குள் கடுகளவு கருடன். பின்னால் நிஜமான கருடன் வெறும் மஞ்சள் புகை.

"ஃபோகஸ் போன் மேல நின்னுடுச்சுக்கா! பின்னாடி பெருமாள் மேல விரல வெய்யி. வெச்சா அங்க போயிடும்."

"பெருமாள் மேல விரல வெக்கறதா!"

"ஸ்கிரீன் மேலக்கா!"

"ரெண்டும் ஒண்ணுதான்யா!"

குடை நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான், தாண்டிவிட்டால் முதுகுதான். இந்த வருஷமும் குஞ்சம்தான் என்று நினைத்தேன். அக்காவின் இடது கட்டை விரல் ஸ்கிரீன் ஓரத்தில் தயங்கித் தயங்கி நகர்ந்து, அந்த மஞ்சள் புகையின் அடிப்பக்கத்தில், பாதம் இருக்க வேண்டிய இடத்தில், பட்டும் படாமலும் தொட்டது.

புகை விலகியது. மாலைக்கு மேலே முகம். நெற்றித் திருநாமம், காதோரம் ஆடும் முத்து வரைக்கும் தெரிந்தது.



"யக்கா, அத கொஞ்சம் இப்டி சாய்ங்களேன்" என்றது பக்கத்தில் ஒரு குரல். கைக்குழந்தையோடு ஒரு பெண். அவருக்குப் பின்னால் தடியூன்றிய ஒரு பெரியவர். ஷட்டர் ஓரமாகப் பூக்கூடையை இறக்கி வைத்த அம்மா ஒருவர். அக்கா ஸ்கிரீனைக் கொஞ்சம் சாய்த்தார். எல்லோரும் அந்தச் சின்னச் சதுரத்துக்குக் கீழே ஒண்டிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி.

எனக்குத்தான் பதைப்பு. "அமுக்குக்கா! போட்டோ எடு! போயிடப் போறாரு!"

அக்கா பட்டனை அமுக்கவில்லை. ஸ்கிரீனை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

"நெட்டையா நிக்கறல்ல, இந்தா புடி. ஆட்டாத" என்று கேமராவை என் கையில் திணித்துவிட்டு, காலியான இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பினார்.