ஏழாம் நம்பர் அச்சு

எங்கள் வீட்டில் ஷேர் என்ற சொல்லை லாட்டரி, சீட்டாட்டம் இரண்டோடும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அப்பா போதகர் இல்லை. ஆனால் போதகர்களைவிடக் கண்டிப்பானவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து, சேலையூரில் ஒரு பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்திவிட்டு, ஐம்பது தாண்டிய பிறகு நான் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். அதற்குக் காரணம் எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிளார்க் சார்.

அவருக்கு நல்ல மனசு. எதையும் உடனே நம்பிவிடுவார். யாராவது புதுசாக ஒரு கம்பெனி பெயரைச் சொன்னால் அன்றைக்கே அவருக்கு அதன்மேல் பாசம் வந்துவிடும். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "டீச்சர், இது உங்க சப்ஜெக்ட். கரும்புச் சக்கையில சாப்பாட்டு டப்பா செய்யற கம்பெனி. பிளாஸ்டிக்கை எல்லா ஊர்லயும் நிறுத்தறாங்க. இனிமே இதுதான்," என்றார்.

செல்லுலோஸ் பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். சக்கையைக் கூழாக்கி, அச்சில் அழுத்திச் சூடுபடுத்தினால் தட்டாகும், கிண்ணமாகும். மண்ணில் போட்டால் மட்கிவிடும். பள்ளிக்கரணைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குப்பை குவிந்து கிடப்பதைப் பார்த்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். அதனால் அந்தக் கம்பெனி என் மனசுக்குள் சுலபமாக நுழைந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் போனிலேயே பங்கு வாங்கும் கணக்கைத் திறந்து கொடுத்தாள். கொஞ்சம் வாங்கினேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நம்மளையும் சேர்த்துப் பிழிஞ்சிடாம பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

சனிக்கிழமைகளில் அரை நாள்தான் பள்ளி. மணி அடித்ததும் கிளார்க் சாரும் நானும் கெமிஸ்ட்ரி லேபில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசுவது வழக்கமாயிற்று. மூன்றாவது ஆளாக, யாரும் கூப்பிடாமலேயே கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு பங்குகூட வாங்கவில்லை.

"வாங்காதவங்களுக்கு இங்க என்ன வேலை டீச்சர்?" என்று கிளார்க் சார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வாங்கினவங்க பேச்சை யாராவது திருத்தணுமே, அதுக்குத்தான்."

சொன்னபடியே செய்தார். கம்பெனியின் ஆண்டறிக்கையை அச்சடித்துக்கொண்டு வந்து, விடைத்தாள் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவால் பக்கம் பக்கமாகக் கோடு போட்டார். "முன்னுரையில கடன் குறையுதுன்னு எழுதியிருக்காங்க. பின்னாடி குறிப்புல பாருங்க, கூடியிருக்கு. பிளாஸ்டிக்கை நிறுத்தறது வேற, அதனால இவங்களுக்கு லாபம் வர்றது வேற. நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு!"

கிளார்க் சாருக்கு முகம் வாடிவிடும். அடுத்த சனிக்கிழமை புதுத் தெம்போடு வருவார். வெளிநாட்டு ஆர்டர், இரண்டாவது தொழிற்சாலை, அரசாங்கத்தின் தடை என்று அடுக்குவார். டீச்சர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு உடைப்பார். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெய் இறங்காமலிருக்க அந்தக் கூழில் என்ன சேர்க்கிறார்கள், அது உடம்புக்கு நல்லதா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பேன். அறிக்கையில் அதற்குப் பதில் எங்குமே இல்லை. பேசிப் பேசி, கம்பெனியைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதுபோல ஒரு நினைப்பு எங்களுக்கு வந்திருந்தது. ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூட அவர்கள் செய்த டப்பாவைக் கையில் தொட்டதில்லை.

தொட்டது கிழக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாப்பில். அங்கே ஒரு அக்கா காலையில் தள்ளுவண்டிக் கடை போடுவார். இட்லி, பொங்கல், வடை. ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சிறுசேரிக்குப் போகிற ஆபீஸ் பஸ்கள் அங்கே நிற்கும் என்பதால் ஏழு மணிக்கே கூட்டம். ஒருநாள் வீட்டில் கேஸ் தீர்ந்து அவரிடம் பொங்கல் பார்சல் வாங்கினேன். கொடுத்தது பழுப்பு நிறச் சக்கை டப்பாவில். திருப்பிப் பார்த்தேன். அடியில் எங்கள் கம்பெனியின் முத்திரை. எனக்கு ஏனோ சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டதுபோலச் சந்தோஷமாக இருந்தது.

"இன்னா டீச்சர், டப்பாவை அப்பிடி பாக்குறீங்கோ? புதுசாத்தான் கீது," என்றார் அக்கா.

"டப்பா எப்படிக்கா? நல்லா இருக்கா?"

"இட்லி வெச்சா சூப்பரு. ஆனா இந்த ஆபீஸ் பசங்க பொங்கல் மேலேயே சாம்பாரை ஊத்திக் குடுன்றாங்கோ. பஸ்ஸு சிறுசேரி போறதுக்குள்ள மூலைல கசியுதாம். நேத்து ஒரு பொண்ணு வெள்ளைச் சுடிதாரைக் காட்டிச் சண்டை போட்டுட்டுப் போச்சு. பேஜாரா கீது. பழையபடி பிளாஸ்டிக்குக்கே போயிடலாமான்னு கீறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை என்னவோ செய்தது. ஆண்டறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. ஐந்து காலி டப்பா கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை லேபில் நாங்கள் பேசவில்லை, சோதனை செய்தோம். கிளார்க் சார் பள்ளி கேன்டீனிலிருந்து ஒரு தூக்கு நிறையச் சாம்பார் வாங்கி வந்தார். அதை மறுபடியும் கொதிக்கவைத்து, ஐந்து டப்பாவிலும் ஒரே அளவு ஊற்றி, வடிதாள் விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தேன். கணக்கு டீச்சர் கையில் கடிகாரத்தோடு நின்றார். லேப் முழுக்கப் பெருங்காய வாசனை.

அரை மணி வரை ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா!" என்றார் கிளார்க் சார். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் இரண்டு டப்பாக்களின் கீழே தாளில் மஞ்சள் வட்டம் தெரிந்தது. மற்ற மூன்றும் மணிக்கணக்காக அப்படியே நின்றன. கசிந்த இரண்டிலும் ஒரே இடத்தில்தான் கசிவு: மூடியும் டப்பாவும் சேர்கிற மடிப்புக்குப் பக்கத்து மூலை.

"கூழ்ல கோளாறுன்னா அஞ்சும் கசியணும்," என்றேன். "இது செய்யற இடத்துல ஏதோ தப்பு."

"யார்கிட்ட சொல்றது?" என்றார் கிளார்க் சார். அவர் குரலில் கம்பெனியே கையை விட்டுப் போய்விட்ட வருத்தம்.

கணக்கு டீச்சர்தான் வழி சொன்னார். பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம் வீடியோவில் நடக்கப்போகிறது. முன்கூட்டியே மெயில் அனுப்பிப் பதிந்துகொண்டால் எந்தப் பங்குதாரரும் பேசலாம். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் போதும். "நான் பேச முடியாது, என்கிட்ட பங்கே இல்லை. நீங்க பேசுங்க."

கூட்டம் ஒரு வேலை நாளில், மதியம். தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டு, மூன்று பேரும் லேபில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். மூன்று பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் சிலர் பேசினார்கள். ஒருவர் நிர்வாக இயக்குநரின் தலைமையைப் புகழ்ந்தே தன் நேரத்தை முடித்தார். இன்னொருவர் தீபாவளிக்குப் பங்குதாரர்களுக்கு இனிப்பு அனுப்பினால் நன்றாயிருக்கும் என்றார். அப்புறம் என் பதிவு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நான் பேச ஆரம்பித்தேன்; யாருக்கும் கேட்கவில்லை. மைக் மூடியிருந்தது. கிளார்க் சார் பாய்ந்து வந்து அதைத் திறந்தார். இரண்டு வரி படித்ததும் அடுத்த வரி எங்கே என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பாடவேளைகள் நின்று பேசியவளுக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை.

திரையின் அந்தப் பக்கம் நிர்வாக இயக்குநர், தலை நரைத்த மனிதர், லேசாகச் சிரித்து, "மேடம், தமிழ்லயே கேளுங்க. நானும் ஈரோட்டுப் பக்கம்தான்," என்றார்.

அதற்கப்புறம் எனக்குப் பயமில்லை. காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, தாம்பரத்துப் பொங்கலையும் சிறுசேரி பஸ்ஸையும் வெள்ளைச் சுடிதாரையும் சொன்னேன். சோதனை செய்ததைச் சொன்னேன். எண்ணெய் இறங்காமலிருக்கக் கூழில் என்ன சேர்க்கிறீர்கள் என்றும் கேட்டேன். கணக்கு டீச்சர் தானாகவே எழுந்து, கசிந்த டப்பாவைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பங்கில்லாதவர் கூட்டத்தில் தலையைக் காட்டலாமா என்று அப்போது யாருமே யோசிக்கவில்லை.

நிர்வாக இயக்குநர் டப்பாவை உற்றுப் பார்த்தார். சமாளித்து நழுவிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"டப்பாவுக்கு அடியில, முத்திரைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு நம்பர் இருக்கும். படிக்க முடியுதா பாருங்க."

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏழு."

"கசிஞ்ச இன்னொண்ணு?"

கிளார்க் சார் எடுத்துப் பார்த்தார். "இதுவும் ஏழுதான் சார்!" என்று கத்தினார். நல்ல டப்பாக்களில் இரண்டு, நான்கு, பதினொன்று என்றிருந்தது.

"அது அச்சோட நம்பர். குறிச்சுக்கிட்டேன். உங்களுக்கு எழுதறோம்," என்றார். எண்ணெய் பற்றிய கேள்விக்கும் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மொத்தமே நாலைந்து நிமிடம்தான்.

இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. அதற்கிடையில் வெளிநாட்டில் இறக்குமதி வரியைக் கூட்டினார்கள் என்று பங்கின் விலை மளமளவென்று இறங்கியது. கிளார்க் சார் சோறு இறங்காமல் திரிந்தார். "வித்துடலாமா டீச்சர்?" என்று ஒருநாளைக்கு மூன்று தடவை கேட்டார். எனக்கும் பயம்தான். அப்பாவின் முகம் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் மெயில் வந்தது. ஏழாம் எண் அச்சு ஒரு பக்கம் தேய்ந்து, அந்த மூலையில் கூழ் மெல்லிசாகப் படிந்திருக்கிறது. அச்சை எடுத்துவிட்டு, மற்ற அச்சுகளையும் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெய் தாங்குவதற்குச் சேர்க்கும் பொருளின் பெயரும் பரிசோதனைச் சான்றும் தனியாக இணைத்திருந்தார்கள். சான்றை இரண்டு முறை படித்தேன். எனக்குத் தெரிந்த அளவில் பயப்பட ஒன்றுமில்லை. கூடவே, அந்தக் கடைக்கார அம்மாவுக்கு ஒரு கட்டுப் புது டப்பா அனுப்புகிறோம், முகவரி தாருங்கள் என்றும் எழுதியிருந்தது.

கணக்கு டீச்சர் மெயிலைப் படித்துவிட்டு சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "கடன் இன்னும் குறையலை. விலை இன்னும் இறங்கினாலும் இறங்கும். அதையெல்லாம் நான் மாத்திச் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா தப்பைச் சொன்னதும் நம்பர் என்னன்னு கேட்டார் பாருங்க. அப்படிக் கேக்கறவங்க கம்பெனி சீக்கிரத்துல மூழ்காது." அடுத்த வாரம் அவரும் பத்துப் பங்கு வாங்கினார். கிளார்க் சார் அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை.

விலை அப்புறம் மெதுவாக ஏறி, நான் வாங்கிய இடத்துக்குக் கிட்டத்தில் வந்து நிற்கிறது. பெரிய லாபம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, "உன் சக்கை இன்னைக்கு என்ன விலை?" என்று அவராகவே விசாரிக்கிறார்.

புது டப்பாக் கட்டை நானே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தரும் வாயத் தொறக்கல டீச்சர். நல்லா நிக்குது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க சொன்னா அந்தக் கம்பெனிக்காரர் கேட்டாரே, அது எப்பிடி?" என்றார்.

பங்கு என்றால் என்னவென்று சொன்னேன். போட்ட பணம் போனாலும் போய்விடும் என்பதை முதலிலேயே சொன்னேன். சம்பாத்தியத்தை இதில் போட வேண்டாம், தபால் ஆபீஸில் போடுங்கள் என்றும் சொன்னேன்.

"சம்பாத்தியம் யாருக்கு வேணும்? அங்க எழுந்து கேக்கறதுக்கு எத்தினி வேணும்?"

"ஒண்ணு போதும்க்கா."

"அப்போ எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்கோ."

அவரிடம் ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் இருந்தன. என் மகள் எனக்குச் செய்ததுபோல, நான் அவருடைய போனில் கணக்குத் திறந்தேன். பஸ்ஸுக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால், வண்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இருவருமாக அந்த ஒரு பங்கை வாங்கினோம். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கோங்க டீச்சர்," என்றார். "மொத கேள்வி. சட்னிக்குத் தனியா ஒரு குழி வேணும். சின்னதா வேணாம், எங்க ஜனம் சட்னி ரொம்பக் கேக்கும்."

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவருக்கு இன்னும் மூன்று கேள்வி இருந்தது.