இரண்டாவதாக எண்ணியவர்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்போது நான் வெளிமாநிலத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிலாவின் தரையைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிச் சாப்பாடு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆரணிக்கு வந்து சேர்ந்தேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு பயிலரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. கோள்களை ஆராய்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கூடிப் பேசுகிற இடம் அது. ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் மேடையில் பேசலாம். அந்தப் பக்கம் தொகுப்பிலும் வரும். அதற்கான வேலையோ பாதியில் நின்றிருந்தது. நிலாவின் ஒரு சமவெளிப் படத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சின்னச் சின்னக் குழிகளை வட்டம் போட்டு எண்ணுவதுதான் வேலை. குழிகள் நிறைய இருந்தால் தரை பழையது, குறைவாக இருந்தால் புதியது. ஒருவர் கண் ஏமாறும் என்பதால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என்னோடு எண்ண வேண்டியவன் வேலை கிடைத்துப் போய்விட்டான். எனக்குப் பத்து நிமிடம் திரையைப் பார்த்தாலே குமட்டியது.

அண்ணி கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா கூலிக்கு நடவும் அறுப்பும் செய்து மகளை டிப்ளமோ படிக்க வைத்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் டிசைன் சென்டரில், பட்டுச்சேலை பார்டரைத் திரையில் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தறிக்கு ஏற்ற மாதிரி வரைந்து கொடுக்கும் வேலை அண்ணிக்கு. சேலை வியாபாரம் செய்த என் அண்ணன் டிசைன் வாங்கப் போன இடத்தில் பழக்கம். நாங்கள் நெசவுக்காரக் குடும்பம். அவர்கள் வேறு சாதி. வீட்டில் பெரிய சண்டை. பதிவுத் திருமணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். ஒரு வருடம் கழித்து அவர்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பிறகும் அம்மா அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அந்தப் பொண்ணு'தான்.

ஒரு மதியம் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, காலை ஷிப்ட் முடிந்து வந்த அண்ணி என் லேப்டாப்பைப் பார்த்தார்.

"இன்னா இது, எல்லாம் கொப்புளம் கொப்புளமா இருக்குது?"

"கொப்புளம் இல்ல அண்ணி, குழி. வெளிச்சம் எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு தெரியாட்டி மேடு மாதிரி தெரியும்."

அண்ணி லேப்டாப்பை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். "அட, இப்ப குழியாயிடுச்சு!"

அன்றைக்கே எண்ண ஆரம்பித்துவிட்டார். தினமும் மதியம் இரண்டு மணிக்கு வருவார், முகம் கழுவுவார், என் கட்டிலோரம் உட்கார்ந்து வட்டம் போடுவார். நான் சொல்லிக்கொடுத்தது ஒரு நாள்தான். பிறகு எனக்குத் தெரியாத குழியெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கேட்டால், "நாள் பூரா கட்டத்தையே பாத்துகினு இருக்கறவ நானு. ஒரு புள்ளி தள்ளிப் போனா தறிக்காரர் வந்து கத்துவாரு," என்று சிரிப்பார். அம்மா எட்டிப்பார்த்து, "இன்னா எண்ணுதுங்க ரெண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இரண்டாவது வாரம் அண்ணி என் தோளைத் தட்டி எழுப்பினார்.

"இங்க பாரு. இந்த வரிசையில இருக்கறது எதுவும் உருண்டையா இல்ல. எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிகினு இருக்குது. தனித்தனியா வந்து வுழுந்திருந்தா இப்படி வருமா? எங்கிருந்தோ ஒரே கையால வாரி எறிஞ்ச மாதிரி இருக்குது."

எழுந்து உட்கார்ந்தேன். எங்கேயோ ஒரு பெரிய கல் விழுந்து, அது கிளப்பிய கற்கள் சிதறி வந்து விழுந்தால் இப்படித்தான் வரிசையாகக் குழிகள் உண்டாகும். அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தரை உண்மையைவிடக் கிழடாகத் தெரியும். இது பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்தப் படத்தில் அதே குழிகளுக்கு நானே மூன்று முறை வட்டம் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அண்ணி சொன்ன வரிசைகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் அந்தச் சமவெளி நாங்கள் நினைத்ததைவிட இளையதாக வந்தது. எழுதி அனுப்ப அப்போதுதான் ஒரு விஷயம் கிடைத்தது.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனில் சொன்னேன். "பிரமாதம்! எப்படிக் கவனிச்சே?" என்றார்.

"எண்ணும்போது தெரிஞ்சுது சார்," என்றேன். யார் எண்ணும்போது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அனுப்பக் கடைசி நாள், மாலை ஐந்து மணி கெடு. மூன்றரைக்கு அண்ணியும் நானும் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தோம். முதலில் என் பேர், பிறகு பேராசிரியர் பேர். மூன்றாவதாக ஒரு வரிசை சேர்த்து அண்ணியின் பேரை அடித்தேன். இனிஷியல் என்ன போடுவது என்று கேட்டேன். அண்ணனுடையதா, அவர் அப்பாவுடையதா?

"எங்கப்பாவுதே போடு. மார்க் ஷீட்ல அதான் இருக்குது."

அடுத்த கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். எந்த நிறுவனம் என்று நிரப்பாமல் மேலே போக முடியாது.

"நீங்க எங்க வேலை செய்றீங்கன்னு கேக்குது அண்ணி."

"ஆரணின்னு போடு."

ஆங்கிலத்தில் என்னவோ போட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். தனி ஆய்வாளர் என்றேன்.

"ஆய்வாளரா? போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கறவங்க மாதிரியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே அம்மா கூப்பிட்டதால் எழுந்து போனார்.

அனுப்பும் முன் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். பக்கத்தை அவருக்கு அனுப்பிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன்.

"யாரு இந்த மூணாவது பேர்?"

"என் அண்ணி சார். ரெண்டாவது எண்ணிக்கை அவங்கதான் பண்ணாங்க. அந்த வரிசையும்கூட..."

"டிகிரி?"

"டிப்ளமோ சார். டிசைன் சென்டர்ல இருக்காங்க."

அவர் மெதுவாகச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "வீட்டு ஆளுங்க பேரைப் போட்டா கமிட்டியில என்ன நினைப்பாங்கம்மா? உன் வேலையையே சந்தேகப்படுவாங்க. கீழ நன்றின்னு ஒரு வரி போடு. போதும்."

"சரி சார்," என்றேன்.

இறங்கி வந்து படிவத்தில் அண்ணியின் பேர் இருந்த வரிசையை நீக்கினேன். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்றுகூட அது கேட்கவில்லை. நன்றி வரியைச் சேர்த்ததும் பக்கம் நிரம்பி அந்த ஒரு வரி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. இரண்டு பக்கம் இருந்தால் படிவம் ஏற்றுக்கொள்ளாது. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைச் சுருக்கியிருக்கலாம். மேற்கோள் பட்டியலில் ஒன்றைக் குறைத்திருக்கலாம். நேரமும் இருந்தது. நான் அந்த வரியை எடுத்தேன்.

அண்ணி மாடிக்கு வந்தபோது மணி ஐந்தாகவில்லை.

"அனுப்பிட்டியா?"

"ஆச்சு அண்ணி."

அண்ணி உடனே அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார் எப்போதும்.

"அப்பா, என் பேரு புக்குல வருது. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருக்கோம்."

"லாரி ஒர்க்‌ஷாப்புக்கா?"

"இல்லப்பா, நிலாவப் பத்தி. சயின்ஸுக்காரங்கள்லாம் படிப்பாங்க."

"பிரிண்ட் எடுத்துகினு வாம்மா. இங்கிலீஷ்ல இருந்தாலும் உன் பேரு எனக்குத் தெரியும். எத்தினி ஆபீஸுக்கு உன் மார்க் ஷீட்டைத் தூக்கிகினு போயிருப்பேன்," என்றார் அவர்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போனை அண்ணி வைத்ததும் சொல்லியிருக்கலாம். கேசரி கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தார், சாப்பிட்டேன்.

உடம்பு தேறி நான் திரும்பிப் போனேன். சுருக்கம் தேர்வானது. மேடையில் பேசினேன். கேள்வி நேரத்தில் ஒருவர், இரண்டாவதாக எண்ணியவர் யார் என்று கேட்டார். 'உடன் பணிபுரிபவர்' என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அண்ணி போன் செய்யும்போதெல்லாம் தொகுப்பு வந்துவிட்டதா என்று கேட்பார். இன்னும் வரவில்லை என்பேன். அவர் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தொகுப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் அண்ணியே கூப்பிட்டார். டிசைன் சென்டர் கம்ப்யூட்டரில் தேடித் தொகுப்பைக் கண்டுபிடித்திருந்தார்.

"உன் பேரு இருக்குது. சார் பேரு இருக்குது. என் பேரைப் போட்டு ரெண்டு மூணு விதமா தேடிட்டேன், வரல. ஸ்பெல்லிங் தப்பா அடிச்சுட்டாங்களா?"

குரலில் சந்தேகமே இல்லை. எனக்காக அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"ஆமா அண்ணி," என்றேன். "அவங்கதான் ஏதோ தப்பு பண்ணியிருக்காங்க."

"பேஜாருதான் போ. சரி, நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் புரிந்தது. தொகுப்பில் இருந்த முகவரிக்கு அண்ணி தன் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். தன் பேர் விட்டுப்போயிருப்பதாகவும், உடம்பு சரியில்லாத அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்றும், சீக்கிரம் திருத்தித் தரும்படியும் கேட்டிருந்தார். அமைப்பாளர்கள் அவருக்குப் போட்ட பதிலில் எனக்கும் ஒரு பிரதி வந்தது. நாங்கள் எந்தப் பேரையும் விடவில்லை, சமர்ப்பித்த படிவத்தில் இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே இருக்கிறார்கள், படிவத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது, மாற்றம் வேண்டுமானால் சமர்ப்பித்தவர் கேட்கலாம். மரியாதையான கடிதம்.

சமர்ப்பித்தவள் நான். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பேராசிரியர் என்ன சொல்வாரோ என்று பயந்து எழுதவில்லை. அண்ணி எனக்குப் போன் செய்யவும் இல்லை. நான்கு வாரத்தில் அவர் அப்பா இறந்துபோனார்.

சாவுக்குப் போனேன். கூட்டத்தில் அண்ணி என்னைப் பார்த்து, "வாங்க," என்றார். "சாப்டீங்களா?"

அதுவரை என்னிடம் வா, போ என்றுதான் பேசுவார். துக்கத்தில் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். தட்டை வைத்து, "உக்காருங்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க." ஒரு குறையும் இல்லாமல் பரிமாறினார். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது, என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அந்த வாரமே அண்ணியின் பேரைச் சேர்க்கும்படி அமைப்பாளர்களுக்கு எழுதினேன். தொகுப்பை முடித்துவிட்டோம், இனி மாற்ற இயலாது என்று பதில் வந்தது.

அடுத்த ஆண்டுப் பயிலரங்குக்கு, அண்ணி போட்ட அதே வட்டங்களை வைத்து விரிவாக இன்னொரு சுருக்கம் எழுதினேன். முதல் பேர் அண்ணியுடையது. இந்த முறை பேராசிரியரிடம் கேட்கவில்லை, சொன்னேன். "உன் இஷ்டம்மா," என்றார். அவ்வளவுதான். போன வருடமும் அவ்வளவுதான் ஆகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போய் லேப்டாப்பை அண்ணி முன்னால் வைத்தேன். அண்ணி முழுப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்த வரிசையைச் சேத்துட்டீங்க. இது நம்ம எடுத்துப் போட்டது," என்றார். சரிதான். திருத்தினேன். பிறகு திரையின் மேல்பக்கம் இருந்த தன் பேரைப் பார்த்தார்.

"இது வேணாங்க. எடுத்துடுங்க."

"அண்ணி, எல்லாமே நீங்க கண்டுபிடிச்சதுதானே. அன்னிக்கு சார்தான் வேணாம்னு சொன்னாரு..."

"அவரு சொன்னாரு, சரி. நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் தெரியவில்லை. நெடுநாள் கேட்க நினைத்ததைக் கேட்டு முடித்தவர் மாதிரி இருந்தார்.

"எனக்கு புக்குல வந்து இன்னா ஆவப்போவுது? எங்கப்பா பாக்கட்டும்னுதான் ஆசப்பட்டேன். கடைசி வாரத்துல ஆஸ்பத்திரியில கேட்டாரு, பிரிண்டு வந்துச்சான்னு. வந்துகினே இருக்குதுப்பான்னு சொன்னேன். உங்கள மாதிரியே நானும் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு."

நான் அழுதேன். அண்ணி அழவில்லை. என் முன்னால் இருந்த தண்ணீர் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

படிவத்தின் கடைசியில், எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் பெறப்பட்டது என்று டிக் அடிக்க வேண்டும். அண்ணியின் பேரோடு அனுப்ப அவர் சம்மதம் இல்லை. அவர் பேரில்லாமல் அனுப்ப என்னால் முடியவில்லை. கெடு முடிந்த மாலை அதை மூடிவிட்டு, அனுப்பவில்லை என்று பேராசிரியருக்கு எழுதினேன். காரணத்தையும் முதல் முறையாக முழுதாக எழுதினேன். நான்கு நாள் கழித்து, 'வருத்தமாக இருக்கிறது' என்று ஒரு வரி வந்தது.

மறுநாள் காலை அண்ணி அப்பாவுடைய சாமான்களை எடுத்து வைக்க ஊருக்குக் கிளம்பினார். துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க, எங்கம்மா இருக்குது," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தேன். பஸ் வந்தது. அண்ணி ஏறி, பெண்கள் பக்கம் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டார்.