தங்கையா அண்ணாச்சி விரட்டாத பையன்

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீர், நடை, இட்லி. பிறகு ஞாயிறுதோறும் செய்வதுபோல மூக்குக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்தேன். அது காய்வதற்குள் மகன் செல்போனை முகத்துக்கு நேராக நீட்டி, "அப்பா, இது நீங்கதான?" என்றான். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. தலை நிறைய முடியோடு நானேதான். ஒரு சிறுவனைப் பார்த்து, "போலே அங்கிட்டு" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

படத்தில் எனக்குப் பின்னால் பாய்லர் கொதிக்கிற சத்தம் கேட்டதும் மறையூர் பஜாரின் வெல்லப் பாகு வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

கொச்சித் தெருக்களில் வாழும் பிள்ளைகளைப் பற்றிய பழைய படம் அது; இப்போது யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, நடிகர்களும் கிடையாது. எல்லாம் நிஜ ஆட்கள். டைரக்டர் மலையாளி. கொச்சியில் கேமராவை எங்கே வைத்தாலும் கூட்டம் கூடிவிடுகிறதென்று ஒரு சாயாக்கடைக் காட்சியை மட்டும் எடுக்க மலைமேல் இருக்கும் எங்கள் மறையூருக்கு வந்தார். எங்கள் பஜாரைக் கொச்சியின் அழுக்குச் சந்தாகக் காட்டப் போகிறார் என்று தெரிந்தபோது பெருமைப்படுவதா, சண்டைக்குப் போவதா என்று எங்களுக்குப் புரியவில்லை. மலை தெரிந்துவிடக் கூடாதென்று கேமராவைக் கீழே பார்த்தே வைத்திருந்தார். கரும்புப்பால் காய்ச்சும் வாசனை படத்தில் விழாது என்பதால் தப்பித்தார்.

நான் அப்போது ஜீப் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலையாளம் சுத்தமாக வரும் என்பதால் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

கடை தங்கையா அண்ணாச்சியுடையது. கடைக்காரராக நடிக்கவும் அவரே சம்மதித்திருந்தார். பசியோடு வரும் பையன் பன் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி நிற்பான்; அவர் கையை ஓங்கி விரட்ட வேண்டும். இது அன்று காலையில்தான் அவருக்குத் தெரியும். டைரக்டர் கூடுதலாகச் சொன்னது ஒன்றுதான்: நடிக்கவே வேண்டாம், தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள். நானும் அதை ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

கேமரா ஓடியது. பையன் வந்து நின்றான். அண்ணாச்சி, "யார் பிள்ளைலே நீ?" என்று கேட்டு, பெட்டியைத் திறந்து ஒரு பன்னை எடுத்துக் கொடுத்தார்.

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை பன்னோடு சாயாவும் வந்தது. அடுத்த முறை கையை ஓங்கத்தான் செய்தார்; ஓங்கிய கை தானாகப் பெட்டிக்குள் போய்விட்டது. டைரக்டர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்த்த தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் அண்ணாச்சியை வாயார வாழ்த்தினார்கள்.

பையன் பெயர் சேகர். நிஜமாகவே கொச்சி நடைபாதையில் வளர்ந்த தமிழ்ப் பையன். கொடுத்த பன்னையெல்லாம் தின்பதும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறான். கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, வயிறு முட்டிப்போச்சு. ஒரே ஒரு தடவ என்னைய வெரட்டிருங்க. எனக்குப் பழக்கந்தான்."

பஜாரே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. என்னைப் பாய்லருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, எம்மக செல்விய சாந்தன்பாறையில பொண்ணு கேட்டிருக்காக. வெள்ளிக்கிழம பேசி முடிக்க வாறாக. நாளைக்கு அவுக இந்தப் படத்தப் பாத்துட்டு, பச்சப்புள்ளைய வெரட்டுறவன் வீட்டுலயா பொண்ணெடுத்தோம்னு கேட்டா அவ என்ன சொல்லுவா?"

இது வெறும் நடிப்புதானே என்றேன்.

"நடிக்காதீகன்னு நீதானப்பா சொன்ன."

விஷயத்தை டைரக்டரிடம் சொன்னேன். அண்ணாச்சியை விட்டுவிட்டு வேறு ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றுவிட்டது. முந்தின நாள் ஜீப் ஸ்டாண்டில், டோக்கனைத் தொலைத்த ஒருவரை நான் திருப்பி அனுப்பியதை அவர் பார்த்திருக்கிறார். ஒரே டேக்கில் முடிந்தது. டைரக்டர் கையைக் குலுக்கி, நடித்த மாதிரியே இல்லை என்றார். சேகரும் வந்து, "அண்ணே, அசல் கடைக்காரன் தோத்தான்" என்றான். அண்ணாச்சி மட்டும் எனக்குச் சாயாவை ஆற்றாமல் கொடுத்தார்.

செல்வியின் கல்யாணம் நல்லபடி நடந்தது. படம் எங்கெங்கோ வெளிநாட்டுக்குப் போயிற்றே தவிர எங்கள் பக்கம் வரவே இல்லை. சாந்தன்பாறையில் ஒருவரும் பார்க்கவில்லை. கெட்ட பெயர் எனக்கு மட்டும் மிச்சம். கல்யாணப் பந்தியில் நான் வடை வாளியோடு போனபோது, எங்கள் ஊர்ப் பெண்கள், "இவரு குடுக்க மாட்டாரு, அடுத்தாளு வரட்டும்" என்று இலையை மூடிக்கொண்டார்கள்.

சாலையை அகலமாக்கியபோது கடை போய்விட்டது. பிறகு அண்ணாச்சியும் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்விக்குப் போன் செய்து, படத்தில் அவள் அப்பாவின் கடை தெரிகிறது என்று சொல்லி அதை அனுப்பி வைத்தேன். பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். பாய்லர், பன் பெட்டி, கரி படிந்த சுவர், எல்லாம் அப்படியே இருக்கிறது என்றாள்.

"அண்ணே, அப்பா எங்க?"

நடந்ததைச் சொன்னேன். படம் எடுத்தார்கள் என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வடை வாளிக் கதை வரும்வரை சிரித்தவள், அப்புறம் கேட்டாள்:

"பன்னு குடுத்தப்பவும் கேமரா ஓடுச்சுல்லண்ணே? அதெல்லாம் எங்க இருக்கும்?"

திங்கட்கிழமை காலை, பல் துலக்குவதற்கும் முன்னால், டைரக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்திலும் அவருக்கு அண்ணாச்சியை ஞாபகம் இருந்தது. ஆனால் உதவாத டேக்குகளையெல்லாம் வெட்டி, அப்போதே பழைய பிலிம் வாங்குகிறவர்களிடம் போட்டுவிட்டார்களாம்.

செல்விக்கு இன்னும் சொல்லவில்லை.