ஜோதி அக்கா பேரில் ஒரு வீடு

ஜோதிமணி அக்காவும் நானும் ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்தோம். தண்டின் நீளம் பார்த்து நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் என்று பிரித்து, இருபது இருபதாகக் கட்டிக் குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். மேஜையிலேயே அளவு வரைந்திருப்பார்கள். அக்கா அதைப் பார்க்கவே மாட்டாள். தண்டைக் கையில் எடுத்த உடனே நீளம் சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர் சந்தேகப்பட்டு அளந்து பார்த்து, ஒரு வாரத்துக்குப் பிறகு அளப்பதை விட்டுவிட்டார்.

அந்தக் கண்ணை அவள் பண்ணையோடு விட்டுவிட்டு வருவதில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது வழியில் காலி மனை ஒன்று தெரிந்தால் போதும். நின்று பார்ப்பாள். "இது முப்பதுக்கு நாப்பது மேகலா. சமையல்கட்டு இந்த மூலை. தொட்டி அங்க." அடுத்தவர் மனையில் அவள் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறாள்.

சிங்காரப்பேட்டையில் பிறந்து, எட்டாவது வரை படித்து, ஊத்தங்கரைக்காரரான கமலக்கண்ணனைக் கட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்கு வந்தவள். அவர் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். நான் அவரை அண்ணன் என்பேன். பதினோரு வருடத்தில் ஆறு வாடகை வீடு மாறினார்கள். ஒரு வீட்டுக்காரம்மா துணி உலர்த்த இத்தனை கயிறுதான் என்று கணக்கு வைத்தார். இன்னொருவர் மீன் வாங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா இதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். நாங்கள் பூவைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்போம்.

2006-ல் ஓசூரில் மனை விலை எங்களைப் போன்றவர்கள் கேட்கவே கூச்சப்படும் அளவுக்கு ஏறியிருந்தது. அப்போது பண்ணையில் களை எடுக்கும் ஒரு பெண், அத்திப்பள்ளியைத் தாண்டி ஆனேக்கல் ரோட்டில் தன் ஊரில் ஒரு சின்ன வீடு விலைக்கு இருப்பதாகச் சொன்னாள். எல்லையைத் தாண்டினால் கர்நாடகா. அக்காவின் கூடப் பிறந்தவர் போனிலேயே கத்தினார். "அந்த ஊரு மொழி படிக்கத் தெரியுமா உனக்கு? தண்ணிக்குத் தகராறு வந்தா ராவோட ராவா ஓடி வருவியா?" கமலக்கண்ணன் அண்ணன் கம்பெனி முழுக்க வேறுவிதமாகச் சொல்லி வைத்தார். "எங்கூட்டுக்காரி ஃபாரின்ல சொத்து வாங்கறா. பாஸ்போர்ட் எடுக்கணும்."

அந்த வீட்டின் சொந்தக்காரர் சாந்தம்மா. கணவரை இழந்தவர். ஒரே மகள் புனேயில். பாதித் தமிழும் பாதிக் கன்னடமும் கலந்து பேசுவார். அக்கா முதல் நாள் போனபோதே மனையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "இருபதுக்கு முப்பதுன்னு சொன்னீங்கம்மா. பின்னாடி ஒரு அடி குறையுது" என்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சாந்தம்மா உள்ளே போய் டேப் எடுத்து வந்தார். பதினோரு அங்குலம் குறைந்தது.

"முப்பது வருஷம் இருந்தேன், நனக்கே கொத்தில்ல" என்று சாந்தம்மா வாயில் கை வைத்துச் சிரித்தார். தனக்கே தெரியவில்லையாம். அன்றைக்கே அவருக்கு அக்காவைப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பத்திரம் அக்காவின் பேரில்தான் இருக்க வேண்டும். கணவர் பேரில் இருந்த வீட்டைத் தன் பேருக்கு மாற்ற, பஞ்சாயத்து ஆபீசுக்கு அவர் நான்கு வருடம் நடந்திருக்கிறார். நம் பக்கம் பட்டா மாதிரி அங்கே காத்தா. அந்த ஒரு தாளுக்காகத் தேய்ந்த செருப்புகளை விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

"அப்ப நான் யாரு?" என்றார் கமலக்கண்ணன் அண்ணன்.

"நீனு சாட்சி" என்றார் சாந்தம்மா.

மூன்று மாத ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தார்கள். சங்கத்தில் கடன், நகை, கமலக்கண்ணன் அண்ணனின் பி.எஃப். எல்லாம் சேர்த்துத் திரட்டக் கடைசி வாரம் வரை ஆகிவிட்டது. ஒப்பந்தம் முடிவது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விடிந்ததும் சாந்தம்மா மகளின் பிரசவத்துக்காகப் புனேக்கு ரயில் ஏறுகிறார். இதற்கிடையில் அவர் மருமகன் பெங்களூரில் வேறு ஒரு ஆளைப் பிடித்திருந்தார். அந்த ஆள் அதிக விலை தருவதாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரிஜிஸ்டர் ஆகலைன்னா நான் மாப்ளை பேச்சுக்கு ஒத்துக்கணும்மா. வாக்கு கொட்டிதீனி" என்று சாந்தம்மா வருத்தத்தோடு சொல்லியிருந்தார். மருமகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நாங்கள் ஆனேக்கல் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இரண்டாவது சாட்சியாக நானும் போனேன். அக்காவுக்குத் துணையாக வர ஆசைதான். ஆனால் அதிகாரி முன்னால் பேச வேண்டியிருக்குமே என்று பயமாகவும் இருந்தது.

கமலக்கண்ணன் அண்ணன் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் போல நடந்தார். கையில் நீல ஃபைல். கம்பெனியில் அவரோடு வேலை செய்யும் அண்ணாதுரை என்பவர் ஓசூரில் மூன்று மனை வாங்கிப் பதிவு செய்தவர். அவருடைய பழைய பத்திரத்தை மாதிரிக்கு வாங்கி, முத்திரைத்தாளும் ஓசூரிலேயே வாங்கி, ஒரு டைப்பிங் கடையில் கொடுத்து, பெயரையும் அளவையும் மாற்றி அழகாகத் தமிழில் அடித்து வைத்திருந்தார். யாரையும் கேட்கவில்லை. "புரோக்கருக்கு ஒரு பைசா தரலை. எல்லாம் ரெடி. போறோம், கையெழுத்துப் போடறோம், வர்றோம்."

அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடை வைத்திருந்த ராஜ்குமார், ஃபைலைத் திறந்து முதல் தாளைப் பார்த்தார். பின்னால் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இது யாரு வாங்கினது?"

"நான்தான்" என்றார் அண்ணன், பாராட்டு வரப்போகிற மாதிரி.

"தமிழ்நாட்டு முத்திரைத்தாள் இங்க செல்லாது சார். உங்க ஊரு பஸ் டிக்கெட்ட வச்சிக்கிட்டு எங்க ஊரு பஸ்ல உக்காந்த மாதிரி இருக்கு."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். ராஜ்குமார் சிரிக்கவில்லை. நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். அங்கே அப்போது முத்திரைத்தாளே கிடையாது. வங்கியில் டிடி எடுத்துக் கட்ட வேண்டும். பத்திரமும் கன்னடத்தில் புதிதாக எழுத வேண்டும். அலுவலகம் ஐந்தரைக்கு மூடிவிடும். வங்கியில் இரண்டு மணிக்கு மேல் டிடி தர மாட்டார்கள். அப்போது மணி பன்னிரண்டே கால்.

முத்திரைத்தாளுக்குப் போட்ட பணம் முப்பதாயிரத்துக்குப் பக்கம். கையில் வேறு பணம் இல்லை. சாந்தம்மாவுக்குத் தர வேண்டிய மீதித் தொகை மட்டும் அக்காவின் மடியில், மஞ்சள் பைக்குள் இருந்தது.

சிரிக்க வைத்தே பழகிய அக்காவின் முகம் அப்படி வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் ஃபைலை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தார். "அண்ணாதுரை சொல்லலியே" என்றார்.

"அண்ணாதுரை எங்க மனை வாங்கினாரு? ஓசூர்ல. நீங்க எங்க வாங்கறீங்க? ஃபாரின்ல" என்றாள் அக்கா. அந்த நிலையிலும் அவளுக்கு அப்படித்தான் பேச வந்தது. ஆனால் கண் நிறைந்துவிட்டது.

எங்களுக்கு முன்பே வந்திருந்த சாந்தம்மா அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று ராஜ்குமாரிடம் கன்னடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். எழுந்து வந்து அக்காவின் மடியில் இருந்த பையைத் தொட்டார்.

"இதுல இருந்து எடும்மா. டிடி கட்டு."

"அது உங்க பணம்மா."

"இன்னும் என் கையில கொடுக்கலியே. அந்தப் பேப்பர் உங்க ஊரு கவர்மென்ட்டுக்குத் திரும்பக் கொடுத்து, பணம் வாங்கி எனக்கு அனுப்பு. நான் புனேயில என்னா செலவு செய்யப் போறேன்? குழந்தைக்குத் துணி துவைக்கப் போறேன்."

"எழுதித் தர்றேம்மா" என்றார் அண்ணன் அவசரமாக.

"நீ எழுத பேடப்பா" என்றார் சாந்தம்மா. "நீனு எழுதினதை இப்பத்தான் நோடிதே."

ராஜ்குமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ எழுதவே வேண்டாம், எழுதிய லட்சணத்தை இப்போதுதான் பார்த்தேன் என்று சாந்தம்மா சொன்னது அண்ணனுக்கும் நன்றாகவே புரிந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு அண்ணன் யோசனை எதுவும் சொல்லவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினார்.

ராஜ்குமார் தட்டச்சு செய்து முடித்ததும், கையெழுத்துப் போடும் இடங்களைப் பென்சிலால் குறித்து நீட்டினார். அக்கா பேனாவை வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்கண்ணா."

"எல்லாம் வழக்கமா எழுதறதுதாம்மா. நேரம் ஆகுது."

"எனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது. நீங்க படிங்க. நான் கேக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மனைக்கு நான்கு எல்லைகள் சொல்லும் இடம் வந்தது. "கிழக்கே ரோடு, மேற்கே முனியப்பா வீடு..."

அக்கா கண்ணைத் திறந்தாள். "இல்லண்ணா. காலையில வெயிலு பின்பக்கம் கக்கூஸ் சுவத்துல விழுது. சாயங்காலம்தான் வாசப்படிக்கு வருது. அப்ப ரோடு எப்படிக் கிழக்கால இருக்கும்?"

ராஜ்குமார் சாந்தம்மாவின் பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். ரோடு மேற்கேதான். அடிக்கும்போது மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இருபது வருஷமா எழுதறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தைத் திருத்தி மறுபடி அச்சடித்தார். நீளத்தில் அந்தப் பதினோரு அங்குலக் குறைவையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். இல்லாத நிலத்துக்குச் சொந்தக்காரியாக அக்காவுக்கு விருப்பமில்லை.

அண்ணன் டிடியோடு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசி ஆளாகப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வாங்கியிருக்கிறார்.

உள்ளே எங்கள் முறைக்கு நான்கு மணி ஆனது. நாங்கள் எழுந்து நின்ற அந்த நேரத்தில் கரண்ட் போனது. அங்கே எல்லாம் கம்ப்யூட்டரில்தான். போட்டோ, கைரேகை, எதுவும் நகரவில்லை. சாந்தம்மாவின் மருமகன் அவர் செல்போனுக்கு இரண்டு முறை கூப்பிட்டார். சாந்தம்மா பெயரைப் பார்த்துவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். அக்கா சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். பேட்டரியில் ஓடுவது. அது மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மின்விசிறி சுற்றியது. கூடத்தில் இருந்த எல்லோரும், யாரென்றே தெரியாதவர்களும், ஒன்றாக "ஹா" என்றார்கள்.

அதிகாரி சாந்தம்மாவிடம் முழுப் பணமும் வந்ததா என்று கேட்டார். "பந்திதே" என்று, வந்துவிட்டதாகச் சொன்னார் அவர் கொஞ்சமும் தயங்காமல். பிறகு அதிகாரி சாட்சிகளைக் கூப்பிட்டார். என் பெயரைக் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "மேகலா" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அடுத்த மேஜைக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். ஏழாவதோடு நின்ற என் கையெழுத்து ஒரு சர்க்கார் தாளில் முதன்முதலாக ஏறியது அன்றுதான்.

கடைசியாக அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே இருந்த சின்ன கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். "நகபேடி" என்றார் கம்ப்யூட்டர் பெண். சிரிக்கக் கூடாதாம். அக்கா உதட்டை இறுக்கினாள். கன்னம் உப்பியது. அடுத்த நொடி பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு தொற்றிக்கொண்டது. "ஹோகலி", அதாவது போகட்டும் என்று சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டாள். ஆகவே அக்காவின் பத்திரத்தில், முறைத்துப் பார்க்கும் அத்தனை முகங்களுக்கு நடுவில், ஒரு முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தே காலுக்கு வெளியே வந்தோம். சாந்தம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். பெரியது வாசலுக்கு, சின்னது பீரோவுக்கு, துருப்பிடித்தது எதற்கென்று தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் வரும். எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு, "ஏனம்மா ஜோதி, ரயிலு நாளைக்குக் காலையில. இன்னைக்கு ராத்திரி உன் வூட்டுல படுத்துக்கட்டா?" என்று கேட்டார்.

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சாவியைப் பார்த்தாள். சாந்தம்மாவைப் பார்த்தாள். பதினோரு வருடமாக எதற்கெடுத்தாலும் வாடகை வீட்டுக்காரரிடம் உத்தரவு கேட்டு நின்றவளிடம், முதல் தடவையாக ஒருவர் உத்தரவு கேட்கிறார்.

"வாடகை எவ்ளோ தருவீங்க?" என்றாள்.

"தலைக்கு ஒரு உப்பிட்டு" என்றார் சாந்தம்மா. நம் உப்புமாதான் அங்கே உப்பிட்டு.

"சரி. நானும் அங்கதான் படுக்கறேன். பேசிக்கிட்டே இருக்கலாம்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க மேகலாவ பத்திரமா அவ வூட்டுல விட்டுட்டுப் போங்க. காலையில வரும்போது கதவத் தட்டிட்டு வாங்க. எங்கூடு அது."

ஆனேக்கல் பஸ் நிலையத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். இடம் போதாமல் அக்கா சாந்தம்மாவின் மடியில் பாதி உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ திரும்பி மறையும் வரை இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே போனார்கள். இருவரில் யாரும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை.