மீட்டர் நாச்சிமுத்துவின் புழு மனை

காற்றில் ஈரம் எவ்வளவு என்று என் மூக்கு சொன்னால் வானிலை நிலையமே தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இது கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். வானிலை நிலையத்துக்கும் என் மூக்குக்கும் பழக்கமில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து ஒரு நாளாவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார். மீட்டரைத்தான் கேட்பார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருபத்தாறு வருஷம் இருந்தவர் அவர். ராஜஸ்தான் முதல் ஒடிசா வரை ஆழ்துளைக் கிணறு போட்டார். கம்ப்ரஸர் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தே உயிர் பிழைத்தவர். "மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்பார் எதற்கெடுத்தாலும். அந்த ரிக்கின் இரைச்சல் அவருக்குச் சோறு போட்டது. காதைப் பாதி எடுத்துக்கொண்டது.

போன வருஷம் ஊர் திரும்பி, மல்பெரி நட்டு, வீட்டை ஒட்டிப் பட்டுப்புழு மனை கட்டினார். அனுபவசாலிகள் வாசலில் நின்றே, புழு தழை தின்கிற சத்தத்தை வைத்து அதன் நலத்தைச் சொல்லிவிடுவார்கள். நாச்சிமுத்துவுக்கு அந்தச் சத்தம் எட்டாது. அதனால் தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு சென்சார் வாங்கிப் புழுத் தட்டுக்கு மேலே தொங்கவிட்டார். வெக்கையும் ஈரமும் எவ்வளவு என்று கம்பியில்லாமல் அது போனுக்குச் சொல்லும். ஈரம் குறைந்தால் புகைபோல் தண்ணீர் தூவும் குழாய் தானே திறக்கும். கூடினால் சுவர் ஃபேன் தானே ஓடிக் காற்றை வெளியே தள்ளும்.

முதல் இரண்டு தடவையும் புழு செத்துப்போனது. மூன்றாவதும் போனால் மறுபடி ரிக்கில் ஏறிவிடுவதாக மனைவி சென்னியம்மாளிடம் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் புருஷனைப் பார்த்தவள், கத்தியை எடுத்துக்கொண்டு மல்பெரித் தழை வெட்டப் போனாள்.

இந்த மூன்றாவது தடவை, புழு விரல் பருமன் ஆகிக் கூடு கட்ட ஒரு வாரம் இருக்கையில் ஆயுதபூஜை வந்தது. காலையில் கொடுவாள், மோட்டார், தழை வெட்டும் கத்தி எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக மினுங்கின.

மதியம் தழை போடப் போன சென்னியம்மாள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, காத்தால போட்ட தழை அப்படியே கெடக்குது. அப்பளமாட்ட நொறுங்குதுங்க!"

அவர் போனை நீட்டினார். "ஈரம் தொண்ணூத்தேழு! உள்ள மழையே பேயுது. ஃபேன் ஓடி எறக்கட்டும்."

"மழை பேஞ்சா தழை காயுமாங்க?"

"மீட்டர் பொய் சொல்லாது புள்ளே."

"அப்ப நாந்தான் பொய் சொல்றனாக்கும்?"

மூன்று மணிக்கு அவரே உள்ளே போனார். புழுக்கள் தின்னாமல் துவண்டு கிடந்தன. ஒரு தழையை எடுத்தார், உள்ளங்கையில் பொடியானது. போனைப் பார்த்தார்: தொண்ணூற்றெட்டு. மறுபடி கையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மீட்டரைச் சந்தேகப்பட்டு, அதைக் கழற்றினார்.

காற்று புகும் துளைகளை அடைத்துக்கொண்டு கெட்டியாக ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். சென்சார் பாவம், தான் உட்கார்ந்திருந்த சந்தனத்தின் ஈரத்தைத்தான் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் விடுவானேன் என்று யாரோ ஒரு புண்ணியவதி நினைத்திருக்கிறாள்.

ஃபேனை நிறுத்தினார். சென்சாரைத் துண்டால் துடைத்து மாட்டினார். எண் நாற்பத்தாறுக்கு இறங்கியது. குழாய் தானே தண்ணீர் தூவத் தொடங்கியது. இருவருமாக ஈரச் சாக்குகளைச் சுற்றிலும் கட்டி, பச்சைத் தழையைக் கிளையோடு பரப்பினார்கள். அரை மணி நேரம் போயிற்று.

"சத்தம் கேக்குதா புள்ளே?"

அவள் தட்டின்மேல் குனிந்தபடியே இருந்தாள்.

"கேக்குதான்னு கேட்டேன்!"

அவள் அவர் கையைப் பிடித்து ஒரு கிளையின்மேல் வைத்தாள். கிளை மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. ரிக் முதலாளிக்குப் போன் போகவும் இல்லை. எத்தனையோ ஆயிரம் வாய் தழை கடிக்கிற அந்தச் சத்தம், இரண்டு சுவர் தாண்டி என் அடுப்படி வரைக்கும் கேட்டது.

இதுவரை எழுதியதைச் சென்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"உங்க ஊட்டுக்கு எங்கீங்க டீச்சரம்மா கேட்டுது? நீங்க எங்களோட புழு மனைக்குள்ளதான நின்னீங்க. அந்தப் புண்ணியவதி பேரையும் எழுதிப்போடுங்க. காத்தால சந்தனக் கிண்ணத்தோட உள்ள போனது நீங்கதானுங்களே!"