ஐப்பசியில் ஜெயித்த பைலட்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன்ஸ் மேனேஜராக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. யாரை எந்த ஷிஃப்டில் போடுவது, எந்தப் படிவத்தை யார் நிரப்புவது, எதை நிறுத்திவிட்டு எதைப் புதிதாகக் கொண்டுவருவது என்பதெல்லாம் என் வேலை. புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் எடுத்த எடுப்பில் எல்லா வார்டிலும் கொண்டுவரக் கூடாது. ஒரு வார்டில், ஒரு குழுவோடு செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் பைலட். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நான் நடத்திய பைலட்டுகளில் ஒன்றுகூடத் தோற்றதில்லை. அதிலிருந்தே அவற்றின் லட்சணம் தெரிந்திருக்கும்.

எங்கள் நர்சுகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கட்டில் கட்டிலாக நடப்பார்கள். "இந்தம்மா காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இவங்களுக்கு ட்யூப் எடுத்தாச்சு. இவங்களுக்கு மருமக வந்து நின்னா மட்டும் பி.பி. ஏறுது" என்று ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். முக்கால் மணி நேரம் பிடிக்கும். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, சாமி புறப்பாடா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனி நடக்க வேண்டாம், வார்டுக்கு இரண்டு டேப்லெட் கணினி, அதில் பதிந்துவிட்டுப் போகட்டும், வருகிறவர் படித்துக்கொள்வார் என்று முடிவானது. நேரம் மிச்சமாவதால் ஷிஃப்டுக்கு ஒரு நர்சைக் குறைத்துவிடலாம் என்பதும் அதே கூட்டத்தில் முடிவானது. அதை மட்டும் நர்சுகளிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் சொல்லவில்லை.

பைலட்டுக்குப் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பொறுப்பு நர்ஸ் வேதாரண்யத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். கணவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்தார். மகள் எங்கள் நர்சிங் கல்லூரியிலேயே இரண்டாம் வருஷம். ஊழியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம். சிஸ்டர் ஒப்புக்கொண்டால் மற்ற வார்டுகளில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதோடு, என் அம்மா அந்த வார்டில் கிடந்தபோது பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொண்டவர். நான் கேட்டால் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதையும் கணக்குப் போட்டுத்தான் போனேன்.

பைலட் நடந்தது ஐப்பசியில். எங்கள் டெல்டாவில் விதைப்புக்கு இருப்பதுபோல நோய்க்கும் ஒரு பட்டம் உண்டு. சம்பா நடவு நேரத்தில் யாரும் ஆஸ்பத்திரியில் வந்து படுக்க மாட்டார்கள். கர்ப்பப்பை இறங்கியிருந்தாலும் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்குத்தான் போவார்கள். கையிலிருந்த காசெல்லாம் அப்போது சேற்றில் கிடக்கும். தையில் அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, காசைக் கண்ணால் பார்த்த பிறகு மாசியில் சாரிசாரியாக வருவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? என் அப்பாவே குடலிறக்க ஆபரேஷனை இரண்டு சம்பா தள்ளிப்போட்டவர்.

சிஸ்டர் முதல் வாரமே சொன்னார். "சார், பாதி பெட் காலியா கெடக்கு. இப்ப எதச் செஞ்சாலும் நல்லாத்தான் தெரியும். மாசில ஒரு வாட்டி வச்சுப் பாருங்க, அப்ப தெரியும் சேதி."

"வருஷம் முடியறதுக்குள்ள ரிப்போர்ட் கேக்கறாங்க சிஸ்டர்" என்றேன்.

ஒரு நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வார்டுக்குள் போனேன். டேப்லெட்டில் எல்லாவற்றையும் பதிந்துவிட்டு, பழையபடி இருவரும் கட்டில் கட்டிலாக நடந்துகொண்டிருந்தார்கள். இது எதற்கு என்று கேட்டேன். "நேரம்தான் கெடக்கே சார். வாயால சொல்லாமப் போனா வீட்டுக்குப் போயும் மனசு அடிச்சுக்குது. அதுக்காக நீங்க கொண்டாந்தது தோத்துடவும் கூடாதுல்ல, அதான் ரெண்டையும் செஞ்சுடறோம்" என்றார் சிஸ்டர். அந்த இடத்திலேயே நான் பைலட்டை நிறுத்தியிருக்க வேண்டும். நான் சோதித்துக்கொண்டிருந்தது டேப்லெட்டை அல்ல, அவர்களுடைய நல்ல மனசை. காபி குடிக்கப் போய்விட்டேன்.

முடியும்போது சிஸ்டர் ஒரு முழுத்தாளில் தன் கையால் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். வார்டு நிரம்பினால் இரண்டு டேப்லெட் போதாது, பதிவதற்குக் காத்து நிற்க வேண்டி வரும், வாயால் ஒப்படைப்பதை நிறுத்தினால் ஆபத்து என்று தெளிவாக எழுதியிருந்தார். ஆலோசகரிடம் காட்டினேன். "இதைச் சேர்த்தால் ரிப்போர்ட்டையே யாரும் படிக்க மாட்டார்கள்" என்றார். கடைசிப் பக்கத்தில், 'பருவத்துக்கேற்ப நோயாளிகளின் வரத்து மாறலாம்' என்று ஒரு வரி போட்டேன். பிறகு குழுவின் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன்.

"நான் எழுதிக் குடுத்தத சேத்துட்டீங்கல்ல சார்?"

"சேத்தாச்சு சிஸ்டர்."

படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

தை பிறந்ததும் டேப்லெட் முறை எல்லா வார்டுகளுக்கும் வந்துவிட்டது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் குறைந்தார். மாசியில் கூட்டம் வந்தது. கட்டில் கட்டிலாக நடந்து ஒப்படைக்க யாருக்கும் நேரமில்லை.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, குத்தகை நிலத்தில் அறுவடை முடித்துவிட்டு ஆபரேஷனுக்காக சிஸ்டரின் வார்டுக்கு வந்திருந்தார். முன்பு எங்கோ ஒரு ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்துப்போனதாக, அதன் பெயரோடு, காலை நர்சிடம் சொன்னார். சின்னப் பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம். டேப்லெட் இரண்டும் வேறு கைகளில் இருந்தன. அப்புறம் பதியலாம் என்று மருந்தின் பெயரை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். அதற்குள் அடுத்தடுத்து இரண்டு அட்மிஷன். கையைக் கழுவினாள், மறந்தாள், வீட்டுக்குப் போனாள். மதிய நர்ஸ் திரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அதே மருந்தைப் போட்டார். அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டிப் போய் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்தது அவர் செய்த புண்ணியம். அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

விசாரணை நிர்வாக இயக்குநர் அறையில் நடந்தது. நானும் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண்ணை விட்டுவிடச் சொல்லி, என் வார்டு, என் பொறுப்பு என்றார் சிஸ்டர். இயக்குநர் ஒப்புதல் படிவத்தை அவர் முன் தள்ளினார். "இந்த முறை நல்லா வேலை செய்யுதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"கூட்டம் வந்தா சரிப்படாதுன்னு எழுதியும் குடுத்தேன் சார்."

"யார்கிட்ட?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார், அவ்வளவுதான். நான் ரிப்போர்ட்டைப் புரட்டினேன். நானே எழுதிய ரிப்போர்ட். அதில் தேடுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

"ஞாபகம் இல்லைங்க" என்றார் சிஸ்டர்.

எனக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. அதைச் சொல்லாமல் இதை எழுதிப் பிரயோஜனமில்லை.

சிஸ்டரிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு எதிரே மாட்டிக்கொண்டேன். தலை குனிந்து நின்றேன். "அது போகட்டும் சார். புள்ள படிப்பு மட்டும் கெட்டுடாமப் பாத்துக்குங்க" என்றார். எதற்காக என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. உள்ளே ஒரு ஆள் மிச்சமிருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்த ஆளாக என்னை நம்பியிருக்கிறார்.

"பாத்துக்கறேன் சிஸ்டர்" என்றேன்.

கட்டணச் சலுகையைத் தொடரச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று திரும்பி வந்தது. இன்னொரு முறை எழுதினால் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பார்கள். எழுதவில்லை. கல்லூரியின் அடுத்த செமஸ்டர் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

சிஸ்டர் இன்றுவரை ஒரு போன் பண்ணி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். அதுவும் பொய்தான்.