படையலில் வைத்த சீடி

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் என் முதல் அல்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. பையில் போட்டுக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் பான்ஜோவும் கிற்றாரும் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பாடுகிறவன். அமெரிக்கானா என்பார்கள், அமெரிக்க மலைக்காட்டுச் சனங்களின் பழைய பாட்டிலிருந்து வந்த வகை. பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிர் தேசத்துக்கு வந்தவனுக்கு உந்தக் கவ்போய்ப் பாட்டு ஏன் என்று சொந்தக்காரர் கேட்டார்கள். அப்பா அதைக்கூடக் கேட்கவில்லை. ஒரு முழுக் குளிர்காலம், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், எங்கள் மல்வேர்ன் வீட்டு பேஸ்மென்றில் தனியாளாக இருந்து அந்த அல்பத்தைப் பதிவுசெய்தேன். என் தலைக்கு நேர் மேலே, ஹோலில் அவர் இருந்தார். முடித்துக்கொண்டு மேலே வந்தால், சாப்பிடு என்பார். பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை வராது.

வீடு குளிரும். பேஸ்மென்றில் விரல் நுனிகளை வெட்டிவிட்ட கம்பளிக் கையுறையோடுதான் வாசிப்பேன். ஹீற்றரின் காஸ் பில்லுக்குப் பயந்த மனுசன் என்று சிநேகிதர்களிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒலியைச் சீர்செய்த வெள்ளைக்காரன் மட்டும், இவ்வளவு அமைதியான பேஸ்மென்றைத் தான் கண்டதில்லை என்றான். அந்தப் பாராட்டை நான் எனக்கே எடுத்துக்கொண்டேன்.

சீடிப் பெட்டிகள் வாசலில் வந்து இறங்கிய கிழமை அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவருக்கு என் பாட்டுப் பிடித்ததா என்று இனி யாரிடம் கேட்பது? எனக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் அழவில்லை. தகனசாலையில் மூத்த மகன் உலையின் பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். அழுத்தினேன். லிஃப்ற்றுக்கு அழுத்துவது மாதிரித்தான் இருந்தது. பெடியன் கல்லு மாதிரி நிற்கிறான் என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. சாவுத் துடக்கு உள்ள வீட்டில் பாட்டு ஆகாது என்று அம்மா சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. கிற்றாரைத் தொடாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

அல்பம் வெளியீடு அந்தியேட்டிக்கு அடுத்த சனிக்கிழமை, டவுன்ரவுனில் ஒரு பாரில். இந்தக் காலத்தில் சீடி யார் வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். இந்த வகைப் பாட்டுக்கு வருகிற நரைத்த தலைகள் வாங்கும். பெட்டிகள் என் கார் ட்ரங்கில் இருந்தன. அதே ட்ரங்கில்தான் கல்வெட்டுப் பெட்டிகளும் இருந்தன. காலமானவரின் வாழ்க்கை வரலாறும் தேவாரமும் அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து போகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்போம்.

ஸ்காபரோவில் எடுத்திருந்த மண்டபத்தில், அப்பாவின் படத்துக்கு முன்னால் அம்மா படையல் வைத்தார். அவருக்கு விருப்பமானதெல்லாம் வாழையிலையில் வந்தது. கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியலுக்குப் பதிலாக வாழைக்காய்ப் பொரியல், ஒரு கோப்பை பிளேன் ரீ. வடைக்குப் பக்கத்தில் என் சீடி இருந்தது. நான் அதை மறதியாக வைத்த சாமான் என்று நினைத்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, வேறுமாதிரி நினைத்துவிட்டார். அட்டையில் பனி மூடிய எங்கள் வீட்டின் படம் இருந்தது. படையலிலும் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அத்தானின் நினைவாகத் தேவாரம் அடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ட்ரங்கைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கி, கல்வெட்டோடு ஒவ்வொன்றாகப் பைகளில் போட்டு வாசலில் நின்று கொடுத்தார். நான் கைகழுவிவிட்டு வரும்போது பாதிச் சனம் போய்விட்டது. தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து சேர முன்னரே ஓர் அன்ரி மாமாவுக்குப் போன் எடுத்தார். காரில் போட்டுக் கேட்டாராம், சொல் விளங்கவில்லையாம், ஆனால் நல்ல துக்கமாக இருக்கிறதாம், பாடியவர் எந்தக் கோயிலில் பாடுகிறவர் என்று விசாரித்தார். மாமாவுக்கு விசயம் விளங்கி முகம் செத்துப்போயிற்று. பாவம், அவரைக் குறை சொல்லி என்ன.

மிஞ்சியது படையலில் இருந்த ஒன்று மட்டும். மூலையில் குழம்பு பட்டிருந்தது. அதை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவருக்கு விருப்பமான சாமான்தானே வைக்கிறது."

"அப்பா எங்கை கேட்டவர்?"

"கேளாமலோ. நீ கீழை தொடங்கினா அவர் எழும்பிப்போய் ஹீற்றரை நிப்பாட்டிப்போடுவார். அந்த இரைச்சல் பாட்டுக்குள்ளை போயிடுமாம். நீ படியேறி வாற சத்தம் கேட்டால்தான் திரும்பப் போடுவார். அதுவரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் ஜக்கெற்றோடை இருப்பம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவன் பாட்டை விட்டிட்டு மேலை வந்திடுவான் எண்டவர்."

சீடியைத் துடைத்துப் பழைய பிளேயரில் போட்டேன். வேறு நேரமென்றால் எங்கே சுருதி விலகியது என்று பார்த்திருப்பேன். அன்றைக்குப் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வருகிற இடத்தைத்தான் கேட்டேன். அங்கே ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது பாட்டு ஓடும்போது, வீட்டு ஹீற்றர் வழக்கம்போல இரையத் தொடங்கியது. எழும்பிப்போய் அதை நிறுத்தினேன்.

அம்மா கொழுவியில் தொங்கிய தன் ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். அல்பம் முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். கடைசிப் பாட்டு வர முன்னரே எனக்குக் குளிரத் தொடங்கியது. அப்பா போன பிறகு எனக்கு உறைத்த முதல் விசயம் அந்தக் குளிர்தான்.